அப்புவின் பேச்சு மாறினால்



இந்தப் பாடத்தை எனது தவறு ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் நீண்ட காலம் தங்கியிருந்த நலன்புரி நிலையம் ஒன்றுக்கு நான் கிழமைக்கு ஒருமுறை போய்வருவது வழக்கம். அங்கே எழுபது வயதைக் கடந்த கமக்காரர் ஒருவர் இருந்தார். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். என்னைக் கண்டால் "வாங்கோ சுவாமி" என்று எழும்பி நின்று, தனது கிணற்றின் ஆழத்திலிருந்து கதையைத் தொடங்குவார்.

ஒருநாள் காலையில் நான் போனபோது அவர் எழும்பவில்லை. "என்னப்பு, சுகமில்லையோ?" என்று கேட்டேன். எதையோ சொல்ல வாயெடுத்து, "வெத்திலை" என்றார். தண்ணீர் வேண்டுமோ என்று கேட்டதற்கும் "வெத்திலை" என்றார். மருமகள் வெற்றிலையை மடித்துக் கொடுத்தாள். அதைத் தட்டிவிட்டு மீண்டும் "வெத்திலை" என்றார். "காணி இப்போதைக்கு விடமாட்டினம் எண்டு ராத்திரி றேடியோவிலை கேட்டவர், அந்தக் கோவம்" என்றாள் மருமகள். "அறளை பெயரத் தொடங்கீட்டுது" என்றார் பக்கத்துக் குடிசைக்காரர். எனக்கும் அது ஊர் ஏக்கமாகவே பட்டது. கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி, செபித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவருடைய வலக்கை தொங்கிவிட்டது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். பாரிசவாதம் என்றும், பேச்சு மாறிய அந்தக் காலையிலேயே அது தொடங்கியிருக்க வேண்டும் என்றும் வைத்தியர் சொன்னார். "ஏன் நேற்றே கொண்டுவரவில்லை?" என்று அவர் கேட்டபோது மருமகள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அப்பு அதன்பின் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தார். கைக்கும் ஓரளவு பலம் வந்தது. கிணற்றுக் கதை திரும்பி வரவில்லை.

இடம்பெயர்ந்து வாழும் எம்மிடையே முதியவர்களின் பேச்சில் என்ன மாற்றம் வந்தாலும் அதற்கு இரண்டு காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று வயது, மற்றது கவலை. இரண்டும் உள்ள காரணங்கள்தான். அதனாலேதான் மூன்றாவது காரணம் ஒன்று இருக்குமோ என்று நாம் தேடுவதில்லை. முதியவரின் பேச்சைக் கொண்டு அவருடைய உடல்நிலையை எப்படிக் கண்காணிக்கலாம் என்று மருத்துவர்களும் கணினி ஆய்வாளர்களும் கடந்த சில பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களது ஆய்விலிருந்து எமது குடிசைகளுக்கும் வீடுகளுக்கும் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதே இந்தப் பாடம்.

பேச்சு என்பது பலர் சேர்ந்து செய்யும் வேலை

பழைய நாளில் துலாவால் இறைத்ததை நினைத்துப் பாருங்கள். துலா மிதிப்பவர்கள் மேலே, பட்டை பிடிப்பவர் கிணற்றடியில், பயிருக்குத் தண்ணீர் மாறுபவர் தோட்டத்துக்குள். இவர்களில் ஒருவர் பிழைத்தாலும் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராது. "தண்ணி தா" என்ற இரண்டு சொற்களும் அப்படித்தான் வெளியே வருகின்றன. மூளையின் ஒரு பகுதி சொல்லைத் தேடி எடுக்கிறது, இன்னொரு பகுதி அதை ஒழுங்குபடுத்தித் தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. நுரையீரல் காற்றைத் தள்ளுகிறது. தொண்டைக்குள் இருக்கும் குரல் நாண்கள் அந்தக் காற்றில் அதிர்கின்றன. நாக்கும் உதடும் அண்ணமும் அதைச் சொல்லாக்குகின்றன. காது கேட்டுத் திருத்துகிறது. ஆகவே மூளை, நரம்பு, நுரையீரல், தசை, மனம் ஆகிய எதில் கோளாறு வந்தாலும் அது பேச்சில் தெரிய இடமுண்டு. சில வேளைகளில் வேறெங்கும் தெரியுமுன் பேச்சிலேயே தெரியும்.

இதை மருத்துவ உலகம் விளங்கிக்கொண்டதற்கு ஒரு நோயாளி பெரிய காரணமாக இருந்தார். பாரிஸ் நகரின் பிசேத்ர் வைத்தியசாலையில் லெபோர்ஞ் என்ற ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். யார் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வந்தது "டான்" என்ற ஒரே ஒலி. ஆனால் மற்றவர்கள் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. 1861இல் அவர் இறந்தபின் போல் புறொக்கா என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவரது மூளையைப் பார்த்தார். இடப்பக்கத்தின் முன்பகுதி பழுதடைந்திருந்தது. பேச்சை உருவாக்கும் இடம் ஒன்று மூளையில் உண்டு என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. 1874இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வேர்னிக்கே இதற்கு மறுபுறத்தைக் காட்டினார். மூளையின் வேறோர் இடம் பழுதானால் நோயாளி சரளமாகப் பேசுவார், ஆனால் பேச்சில் பொருள் இராது, பிறர் சொல்வதும் அவருக்கு விளங்காது. 1861இல் எழுதப்பட்ட விடயம் எனக்குத் தெரிந்திருந்தால், அப்புவின் வாயில் வந்த "வெத்திலை"யை நான் கோபம் என்று எடுத்திருக்க மாட்டேன்.

திடீரென்று மாறினால்

திடீர் மாற்றத்தை முதலில் படிப்போம். இதில்தான் நேரம் உயிரோடு சம்பந்தப்பட்டது.

நேற்றிரவு சரியாகப் பேசியவர் இன்று குழறுகிறார், சொல் மாறிச் சொல்கிறார், சொல் வராமல் தடுமாறுகிறார் அல்லது நாம் சொல்வது விளங்காதவர்போல் பார்க்கிறார் என்றால், மூன்று காரியங்களை உடனே செய்யுங்கள். அவரைச் சிரிக்கச் சொல்லி வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டித் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று மட்டும் இறங்குகிறதா? "தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சாச்சு" என்பதுபோல ஒரு சிறிய வசனத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முகம், கை, பேச்சு என்ற இந்தச் சோதனை 1990களின் இறுதியில் இங்கிலாந்தில் அம்புலன்ஸ் ஊழியர்களுக்காக வகுக்கப்பட்டது. பெரிய படிப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை. மூன்றில் ஒன்று பிழைத்தாலே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். எங்கள் அப்புவுக்கு முதல் நாளில் பேச்சு மட்டுமே பிழைத்திருந்தது என்பதை மறவாதீர்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரத் தாமதமானால் கிடைக்கிற வாகனத்தில் போகலாம். பாரிசவாதத்தில் இரண்டு வகை உண்டு. இரத்தக் குழாய் அடைபட்டு வருவது ஒன்று, குழாய் வெடித்து இரத்தம் கசிந்து வருவது மற்றது. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை, நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பொதுவாகப் பயன் உண்டு. கசிவாக இருந்தால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். எனவே முதலில் ஸ்கான் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. உங்கள் இடத்துக்குக் கிட்டிய எந்த வைத்தியசாலையில் அது உண்டு என்பதை எல்லாரும் சுகமாக இருக்கும் இன்றைக்கே விசாரித்து வையுங்கள். இதே காரணத்துக்காக வீட்டில் அஸ்பிரின் கொடுக்கக்கூடாது. கொத்தமல்லித் தண்ணீரோ கஞ்சியோ பருக்கவும் கூடாது, விழுங்கும் தசையும் பழுதாகியிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

அங்கே போனதும் வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி "எப்போது தொடங்கியது?" என்பதாக இருக்கும். "காலமை" என்று சொல்வது போதாது. கடைசியாக அவர் சரியாகப் பேசியதைக் கேட்டவர் யார், எத்தனை மணிக்கு என்று சொல்லத் தெரிய வேண்டும். நித்திரையால் எழும்பும்போதே குழறினால், படுக்கப் போகுமுன் அவர் நன்றாகப் பேசிய நேரத்தைச் சொல்லுங்கள். குழறல் அரைமணியில் தானாகத் தெளிந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். பெரிய அடைப்பு வருமுன் வரும் எச்சரிக்கை அது.

திடீர்க் குழறல் எல்லாம் பாரிசவாதம் அல்ல. சலரோகத்துக்கு ஊசி போடுபவர், அல்லது சில வகை மாத்திரை எடுப்பவர், சாப்பிடாமல் விட்டால் இரத்தத்தில் சீனி இறங்கி, வெறிகாரரைப்போல் குழறுவார், வியர்ப்பார், நடுங்குவார், சினப்பார். எம்மிடையே இது நடக்கும் விதம் எனக்குத் தெரியும். நிவாரணம் பிந்தும் கிழமைகளில் ஆச்சி தன் பங்குச் சோற்றைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்குவார். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனி கரைத்த தண்ணீரைக் கொடுத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும் எல்லாருக்கும், வயது வேறுபாடின்றி, உரியது. எட்டடி விரியன் பெரும்பாலும் இரவில், நித்திரையில் இருப்பவரையே கடிக்கும். கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் பெரிதாக இராது, அடையாளமே தெரியாமலும் போகலாம். விடியற்புறத்தில் வயிற்றுநோ, பிறகு கண்மடல் சரிதல், விழுங்கக் கஷ்டம், மூக்கால் வருவதுபோன்ற குழறிய பேச்சு என்று வந்தால் அடுத்து மூச்சுத் தசை நிற்கும். "பாம்பைக் காணவில்லையே" என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

ஓரிரு நாட்களுக்குள் பேச்சு குழம்பும் நிலை ஒன்றும் உண்டு. பகலில் ஓரளவு தெளிவு, பொழுதுபட்டதும் குழப்பம். இறந்துபோன தமையனோடு பேசுவார், முகாமைத் தன் வீடு என்பார், மாடு அவிழ்ந்துவிட்டது என்று எழும்பி ஓடப் பார்ப்பார். பார்வை பார்க்கவும் நூல் கட்டவும் கொண்டுபோகிறோம். இந்தத் திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் சலத்தில் கிருமி, சளிச்சுரம், உடலில் நீர் வற்றல், நாட்கணக்கான மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதாவது ஒன்று இருக்கும். முதியவர்களுக்குக் கிருமி தொற்றினால் காய்ச்சல் காயாமலும் இருக்கலாம், பேச்சுக் குழப்பம் மட்டுமே அடையாளமாக வரலாம். மலகூடம் தூரம், இருட்டு, வழுக்கல் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் ஆச்சிமாரை எத்தனை நலன்புரி நிலையங்களில் கண்டிருக்கிறேன்! காரணத்தைக் கண்டு வைத்தியம் செய்தால் பெரும்பாலானோர் தெளிந்துவிடுவார்கள். அவர்களை அறளை என்று மூலையில் விடுவது அநியாயம்.

சுருக்கமாக இன்னும் இரண்டு. தண்ணீர் குடித்தவுடன் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால், தண்ணீர் போகவேண்டிய வழியில் போகவில்லை என்று பொருள், சளிச்சுரம் வரலாம். குரல் கம்மி மூன்று கிழமைக்கு மேல் இருந்தால், முக்கியமாகச் சுருட்டும் பீடியும் பிடித்தவர்கள், தொண்டையைச் சோதிப்பிக்க வேண்டும். குரல்வளைப் புற்றுநோய் ஆரம்பத்தில் பிடிபட்டால் குணமாக்கக்கூடியது.

மெல்ல மாறினால்

மெல்ல வரும் மாற்றத்தைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது கத்தோலிக்க அருட்சகோதரிகளைப் பற்றியது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மங்காட்டோ என்ற ஊரிலுள்ள நொட்ரடேம் பாடசாலைச் சகோதரிகளின் கன்னியர் மடத்தில், 1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் இதைத் தொடங்கினார். பின்னர் அச்சபையின் வேறு மடங்களும் சேர்ந்தன. 75 வயதுக்கு மேற்பட்ட 678 சகோதரிகள், ஆண்டுதோறும் சோதிக்கப்படவும், இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கவும் சம்மதித்தார்கள். எல்லாரும் ஒரே வகைச் சாப்பாடு, ஒரே வகை வாழ்க்கை, புகைத்தல் இல்லை. ஆகவே அவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடுவது இலகு.

மடத்துப் பழைய பெட்டிகளில் ஆய்வாளருக்கு ஒரு புதையல் அகப்பட்டது. வார்த்தைப்பாடு கொடுக்குமுன், இருபதுகளின் தொடக்கத்தில், ஒவ்வொரு சகோதரியும் தன் வாழ்க்கையைப் பற்றித் தன் கையால் எழுதிக் கொடுத்த சிறு குறிப்புகள் அவை. அப்படிப்பட்ட 93 சகோதரிகளின் எழுத்தில் பத்துச் சொற்களுக்குள் சராசரியாக எத்தனை கருத்துகள் செறிந்திருக்கின்றன என்று எண்ணினார்கள். 1996இல் முடிவு வெளியாயிற்று. இளமையில் கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்களே, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் பின் நினைவுச் சோதனைகளில் கூடுதலாகப் பின்தங்கினார்கள். இதிலிருந்து, இளமையில் எளிமையாக எழுதியவருக்கு மறதிநோய் நிச்சயம் என்று எடுத்துவிடக்கூடாது. அதே ஆய்வில், மூளை முழுவதும் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தும் 101 வயதுவரை தெளிவாகப் பேசி வாழ்ந்த ஒரு சகோதரியும் இருந்தார். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. அந்தச் சகோதரிகளின் பழைய குறிப்புகளை யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள். எம்மில் பலரிடம் எமது ஆச்சியின் பிறப்புச் சான்றிதழ்கூட இல்லை.

எழுத்தில் கண்டதைப் பேச்சிலும் காணலாமா? 1981 முதல் 1989 வரை அமெரிக்க சனாதிபதியாக இருந்த றொனால்ட் றேகன், பதவியை விட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 1994இல் தமக்கு அல்சைமர் நோய் என்று பகிரங்கமாக அறிவித்தார். 2015இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர், பதவியிலிருந்தபோது அவர் நடத்திய 46 பத்திரிகையாளர் சந்திப்புகளின் பேச்சை, அடுத்த சனாதிபதியான மூத்த ஜோர்ஜ் புஷ்ஷின் 101 சந்திப்புகளோடு ஒப்பிட்டார்கள். றேகனின் பேச்சில் ஆண்டு செல்லச் செல்ல வேறுவேறான சொற்கள் குறைந்தன. பெயரைச் சொல்வதற்குப் பதிலாக "அது", "அந்தச் சாமான்" என்ற வகைச் சொற்களும், இடையில் நிரப்பும் "ம்ம்", "அதாவது" போன்றவையும் கூடின. புஷ்ஷின் பேச்சில் அப்படியான மாற்றம் இல்லை.

நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோயில் சொல் அல்ல, குரலே மாறும். மெதுவாகும், ஏற்ற இறக்கமின்றி ஒரே சுருதியில் போகும், கடைசிச் சொற்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். "அப்பா ஏன் இப்ப மெல்லக் கதைக்கிறார்?" என்று வீட்டார் கேட்க, அவரோ "உங்களுக்குத்தான் காது மந்தம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தன் குரல் இறங்கியது அவருக்கே தெரிவதில்லை.

மனச்சோர்வும் குரலில் இறங்கும். பதில்கள் குறுகும், ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையே நீண்ட இடைவெளி விழும். பாடிக்கொண்டு வேலை செய்தவர் பாடமாட்டார். ஊர் ஏக்கம் என்று நாம் பேர் வைத்திருப்பதில் ஒரு பகுதி இதுவே. காணி திரும்பக் கிடைத்தால் தீரும் என்று காத்திராமல் வைத்தியரிடம் காட்டினால் காணி கிடைக்குமுன்பே தேற்றக்கூடியது.

இயந்திரம் கேட்கும்போது

மேலே சொன்னவற்றை எல்லாம் கணினியைக் கொண்டு அளக்க முடியும். "ஆ..." என்று ஒரே மூச்சில் நீட்டச் சொல்லிப் பதிவுசெய்தால், குரல் நாணின் ஒவ்வொரு அதிர்வும் முந்தியதோடு ஒத்திருக்கிறதா என்று கணினி கணக்கிடும். இந்த வழியில் பார்க்கின்சன் நோயைக் கண்டறியலாமா என்று பார்க்க, மக்ஸ் லிட்டில் என்ற கணித ஆய்வாளர் 2012இல் தொலைபேசி மூலம் 10,000 பேரின் குரலைச் சேர்க்கும் முயற்சி ஒன்றைத் தொடங்கினார். பேச்சுக்கிடையே விழும் மௌனங்களின் நீளம், வேறுவேறு சொற்களின் தொகை, வசனத்தின் சிக்கல் ஆகியவற்றையும் கணினி எண்ணும். விழுந்து கிடப்பவர் எழும்ப முடியாத நிலையில் குரல் கொடுத்தால், அதைக் கேட்டுப் பிள்ளைக்குத் தொலைபேசி அழைப்பு எடுக்கும் கருவிகளும் வெளிநாட்டு வீடுகளில் உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் தனியே வாழும் எமது முதியவர்கள் சிலர் அறைகளிலும் அவை இருக்கின்றன.

இவை எவ்வளவுக்கு நம்பத்தக்கவை? 2020இல் நடந்த ஒரு போட்டியில், மறதிநோய் உள்ள 78 பேர், இல்லாத 78 பேர் ஆகியோரின் பேச்சுப் பதிவுகளைக் கொடுத்துப் பிரித்தறியச் சொன்னார்கள். சிறந்த முறைகள் நூற்றுக்குத் தொண்ணூறளவில் சரியாகச் சொல்லின. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது எமது கிராமத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு முதியவர்கள், அவர்களில் பத்துப் பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்லும் இயந்திரம், நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடிக்கும். நோயில்லாத தொண்ணூறு பேரிலும் ஒன்பது பேரைப் பிழையாகப் பிடிக்கும். ஆக, இயந்திரம் கைகாட்டும் பதினெட்டுப் பேரில் பாதிப்பேர் சுகதேகிகள். ஓர் ஆச்சியை இயந்திரம் பிழையாகக் கைகாட்டினால் வெட்கத்தோடு முடியாது. "அம்மாவுக்கு அறிவு சரியில்லை" என்று சொல்லி, காணி உறுதியில் அவருடைய ஒப்பத்தையே மறுக்கப் பிள்ளைகள் புறப்படலாம். இடம்பெயர்ந்த குடும்பங்களில் காணி எவ்வளவு பெரிய விடயம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த குறை மொழி. இந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுவோரிடம் நடந்தவை. மேற்சொன்ன போட்டியின் பதிவுகள், 1972இல் அமெரிக்காவில் வந்த ஒரு சோதனைப் புத்தகத்தின் படத்தைப் பார்த்துச் சொன்ன விவரணங்கள். படத்தில் ஒரு குசினி. தாய் கோப்பை துடைக்கிறாள், குழாய்த் தொட்டி நிரம்பித் தண்ணீர் நிலத்தில் ஓடுகிறது, பின்னால் மகன் முக்காலியில் ஏறி, தட்டிலிருந்த பிஸ்கற்றைத் திருடுகிறான், முக்காலி சரிகிறது. மூன்று கல்லு அடுப்பில் சமைத்து, கிணற்றடியில் சட்டி கழுவிய எமது ஆச்சியிடம் இந்தப் படத்தைக் காட்டினால், அவருடைய மௌனம் நோயையா காட்டும்? தமிழில் வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வருகிறது, ஒரே சொல்லுக்குள் ஆள், காலம், எண் எல்லாம் அடங்குகின்றன. ஆங்கிலத்துக்கென்று செய்த எண்ணிக்கை முறையை அப்படியே தமிழுக்குப் போட முடியாது.

மூன்றாவது, கேட்டுக்கொண்டேயிருக்கும் கருவி. வீட்டில் பேசுவதை வேறு யாரோ கேட்பார்களோ என்று குரலைத் தாழ்த்திப் பேசப் பழகிய மக்கள் நாங்கள். அந்தப் பயத்தை அனுபவித்த ஒரு முதியவரின் தலைமாட்டில், அவருக்குச் சொல்லாமல், அவருடைய நன்மைக்கென்றே ஒரு கருவியை வைப்பதும் சரியென்று எனக்குப் படவில்லை. எதைப் பதிவு செய்கிறது, பதிவு எங்கே போகிறது, யார் கேட்பார்கள் என்று அவருக்கு விளங்கச் சொல்லி, அவர் "சரி" என்றால் வையுங்கள். கன்னியர் மடத்துச் சகோதரிகளும் கேட்கப்பட்டார்கள். எல்லாரும் சம்மதிக்கவும் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு கதை

இந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுக்கக்கூடிய முக்கியமான பாடம், ஒருவரை அவரோடேயே ஒப்பிட வேண்டும் என்பது. பல்லில்லாத அப்பு எப்போதும் குழறித்தான் பேசுவார். பேச்சுக் குறைந்த ஆச்சி பிறவியிலேயே பேச்சுக் குறைந்தவர். பக்கத்து வீட்டாரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அவருடைய வழமை எது, அதிலிருந்து எது விலகியது என்று அறிய, காதுள்ள ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

எனவே ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். இந்தச் சஞ்சிகை வரும் ஒவ்வொரு முறையும், அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு முதியவரிடம் ஒரே விடயத்தைச் சொல்லக் கேளுங்கள். ஆச்சியிடம், "ஒடியற் கூழ் எப்பிடிக் காய்ச்சிறது, முதலிலை இருந்து சொல்லுங்கோ" என்று கேட்கலாம். மாவை ஊறவிடுவது, மீனும் நண்டும் இறாலும், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, செத்தல்மிளகாயும் புளியும், எது முந்தி எது பிந்தி என்று எல்லாம் அந்தக் கதையில் வரும். அப்புவிடம் புகையிலைத் தோட்டம் செய்வதைக் கேட்கலாம், அல்லது ஊரில் விட்டுவந்த காணியின் நான்கு எல்லைகளையும் கேட்கலாம். பேரப்பிள்ளை கேட்கட்டும். சோதனை போலக் கேட்டால் முதியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். படிக்கிற பிள்ளை ஒருவர் கொப்பியில் திகதியைப் போட்டுக் குறிக்கட்டும். படிமுறை ஒழுங்காக வந்ததா, பொருள்களின் பெயர் வந்ததா, "அந்தச் சாமான்" கூடிவிட்டதா, சொன்னதையே திருப்பிச் சொன்னாரா, கதை நடுவில் வழி தவறியதா, குரல் வாசற்படிவரை கேட்டதா என்று நாலைந்து வரி எழுதினால் போதும். கைத்தொலைபேசியில் பதிவுசெய்ய அவர் சம்மதித்தால் இன்னும் நல்லது.

அதோடு இன்னொரு சிறு காரியம். ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த மிருகங்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி எண்ணுங்கள். உலகெங்கும் மறதிநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இதைச் செய்கிறார்கள். படிப்புக் குறைந்தவர்கள் குறைவாகச் சொல்வது வழமை, ஆகவே இத்தனை சொன்னால் சித்தி என்று நான் எண் தரவில்லை. போன முறை பதினாறு, இம்முறை பதினைந்து என்றால் ஒன்றுமில்லை. பதினாறு பன்னிரண்டாகி, அது எட்டாகும்போது, கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். இரண்டு நிமிடமே பார்க்க நேரமுள்ள வைத்தியருக்கு, ஒரு வருடத்துக் கொப்பி மிகவும் உதவும்.

வெளிநாட்டிலிருந்து கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசும் பிள்ளைகளின் காதையும் குறைவாக மதிக்காதீர்கள். கூட இருப்பவர்களுக்கு நாளுக்கு நாள் வரும் மாற்றம் பழகிப்போய்விடும். அவர்களுக்கோ முகமும் கையும் கண்ணில் படுவதில்லை, குரல் மட்டுமே கேட்கிறது. "அம்மான்ரை குரல் ஒரு மாதிரிக் கிடக்கு" என்று அங்கிருந்து வந்தால், "நாங்கள் பக்கத்திலை நிக்கிறம், எங்களுக்குத் தெரியாதோ" என்று சினக்காமல் உடனே போய்ச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள், கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

குழுக்களில் கூடும்போது பேசுவதற்கு

உங்கள் குடியிருப்பில் தனியே வாழும் முதியவர்கள் யார் யார்? அவர்களோடு நாளுக்கு ஒரு தடவையாவது பேசுபவர் யார்? இரவு பத்து மணிக்கு ஒருவருக்குப் பேச்சுக் குழறினால் எந்த வாகனம், யார் கூடப் போவது, ஸ்கான் உள்ள வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம்? உங்கள் நினைவில், "கவலை" என்றோ "அறளை" என்றோ விட்டுவிட்டுப் பின்னர் நோய் என்று தெரிந்த சம்பவம் உண்டா? அப்போது முதலில் மாறியது எது, அதை யார் கேட்டார்கள்?